தட்டி வாங்கிய கார்

கனகராஜ் எதையும் தட்டிப் பார்க்காமல் வாங்கமாட்டார். மயிலாப்பூர் தெற்கு மாட வீதியில் அவருடைய பாத்திரக்கடைக்கு அடுத்த கடை எங்களுடையது. ஊதுவத்தி, கற்பூரம், குங்குமம் விற்போம். பதினோரு வருஷமாக அவர் தட்டுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டேதான் நான் பொட்டலம் கட்டினேன். கும்பகோணத்திலிருந்து வைக்கோல் சுற்றி வரும் குடம், தவலை, அண்டா எதுவானாலும் நடுவிரல் முட்டியால் ஒரு தட்டு. பிறகு காதைச் சாய்த்துக்கொண்டு நிற்பார். சத்தம் நீண்டு போய்த் தானாக அடங்கினால் சரக்கு கடைக்குள் போகும். பாதியில் செத்துப்போனால் எங்கேயோ கீறல் இருக்கிறது, அல்லது ஒட்டுப் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். வந்த வண்டியிலேயே திருப்பி ஏற்றிவிடுவார்.

இந்தப் பழக்கம் பாத்திரத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. என் கடைக்குப் புதிதாக வந்த மரப்பெட்டியை ஒரு நாள் தட்டிவிட்டு, "உள்ள புழு இருக்குவே" என்றார். எனக்குக் கோபம் வந்தது. ஆறு மாதத்தில் புழு வெளியே வந்தது.

அப்படிப்பட்டவர் எழுபத்தொன்றாம் வருஷம் ஐப்பசியில், கடைக்கு மேல் மாடியில் மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது, மனைவியிடம் ஒரு விஷயம் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை. உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும். என்னையும் கூப்பிட்டிருந்ததால் நானும் இலை முன்னால் இருந்தேன்.

"வடிவு, ஒரு கார் வாங்கலாம்னு பாக்குதேன்."

சண்முகவடிவு அம்பாசமுத்திரத்துப் பக்கத்துக்காரி. பேச்சில் அவசரம் கிடையாது. எனக்கு இன்னொரு கரண்டி சோறு வைத்துவிட்டுத்தான் கேட்டாள்.

"சரக்கு ஏத்தவா?"

"இல்ல."

"கல்யாணம் காட்சிக்குப் போகவா? அதுக்கு ரயிலு இருக்குல்லா."

"அதுக்கும் இல்ல."

"பின்ன எதுக்கு?"

"சும்மா போகத்தான். நீயும் நானும்."

"சும்மா எங்க போக?"

"எங்கயாவது."

அவள் என்னைப் பார்த்தாள். நான் துவையலைப் பார்த்தேன்.

அவளுடைய கேள்வியில் நியாயம் இருந்தது. கல்யாணமாகி இருபத்து மூன்று வருஷத்தில் அவர்கள் இரண்டு பேரும் காரணமில்லாமல் தெருவைத் தாண்டியதில்லை. உறவில் கல்யாணம், சாவு, திருச்செந்தூர் நேர்த்திக்கடன், கும்பகோணம் கொள்முதல், இவ்வளவுதான் பயணம். கபாலீசுவரர் கோயிலிலிருந்து ஒரு மைல் கிழக்கே போனால் கடல். அதைக்கூட வடிவு மாசி மகத்துக்கு, சாமி போகிறதே என்று பின்னால் போய் மூன்று தடவை பார்த்திருக்கிறாள். சாமி திரும்பியதும் திரும்பிவிடுவாள்.

"புதுக் காருக்கு எழுதிப் போட்டா வருசக்கணக்குல காத்துக்கிடக்கணும். பழசுதான். நல்ல பழசு" என்றார் கனகராஜ்.

"ஓட்டுறது யாரு?"

அவர் கொஞ்சம் தயங்கி, "லைசென்சு இருக்கு" என்றார். இரண்டு வருஷத்துக்கு முன், விடிகாலையில் நடக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு லஸ்ஸில் ஒரு டிரைவிங் ஸ்கூலுக்குப் போயிருக்கிறார். கல்லாப்பெட்டிக்குள் முருகன் படத்துக்குப் பின்னால் லைசென்சு இருந்தது. கார் வாங்குவதைவிட அந்தப் பொய் நடைதான் வடிவுக்குச் சுருக்கென்று தைத்தது. "உடம்புக்கு நல்லதுன்னு நெனச்சு, தெனமும் வந்ததும் சுக்குத் தண்ணி வச்சுக் குடுத்தேனே" என்றாள். இலையை எடுக்கும்போதுதான் தீர்ப்புச் சொன்னாள்.

"வாங்குங்க. ஒரு வண்டி. அது ஓடலைன்னா, அப்புறம் நம்ம வீட்டுல காருங்கிற பேச்சே எடுக்கப்படாது. சம்மதமா?"

"சம்மதம்."

மறுநாளே வடிவின் தம்பி ஜவஹர் ஒரு கார் பார்த்து வைத்திருப்பதாக வந்தான். பாண்டி பஜாரில் துணிக்கடை வைத்திருந்தான். நல்ல பையன்தான், ஆனால் உலகத்தில் எல்லாவற்றுக்கும் தன்னிடம் ஆள் உண்டு என்று நம்புகிறவன். தியாகராய நகரில் ஒரு மாடி வீட்டு வாசலில் அந்தக் கார் நின்றது. முப்பத்தெட்டாம் வருஷ மாடல். என்ன கம்பெனி என்று சொல்லமாட்டேன், இன்றைக்கும் சண்டைக்கு வருவார்கள். கிளிப்பச்சை நிறம், முகம் பார்க்கலாம் போன்ற பளபளப்பு. விற்கிறவர் எஞ்சினை ஓடவிட்டுவிட்டு மார்பில் கைகட்டி நின்றார்.

கனகராஜ் குனிந்து கதவைத் தட்டினார். டங் என்றது. முன் மட்கார்டைத் தட்டினார். தொப் என்றது. பின் மட்கார்டு, தொப். அடிப்பலகை, தொப், தொப்.

"அத்தான், என்ன செய்யுதீங்க" என்றான் ஜவஹர் பல்லைக் கடித்துக்கொண்டு. "குடமா வாங்குதோம்?"

"இது தகரம் இல்ல மாப்ளே, பட்டி. துருப் புடிச்ச ஓட்டையெல்லாம் பட்டி வச்சு மெழுகி மேல பெயிண்ட் அடிச்சிருக்கு."

"பாடி கெடக்கட்டும். எஞ்சினைக் கேளுங்க."

"கேட்டேன். நாலு சிலிண்டரு, நாலு பேரு பேசணும். மூணு பேருதான் பேசுதாங்க."

விற்கிறவர் கையைக் கீழே இறக்கிவிட்டார். ஜவஹருக்கு மானம் போய்விட்டது. "உலகத்துலயே காரைத் தட்டிப் பாத்து வேண்டாம்னு சொன்ன ஆளு நீங்க ஒருத்தர்தான். இனிமே என்னைக் கூப்பிடாதீங்க" என்று ஸ்கூட்டரை உதைத்துக் கிளம்பினான்.

செவ்வாய்க்கிழமை காலை, கனகராஜின் கடைக்கு ஒரு ரிக்‌ஷா நிறையப் பழைய பாத்திரங்களோடு பங்கஜம் மாமி வந்தாள். கோபாலபுரத்தில் தோட்டத்தோடு வீடு. அதை விற்றாகிவிட்டது, ஞாயிற்றுக்கிழமை தம்பியோடு பெங்களூர் போகிறாள். அறுபத்தைந்து வயது, ஒல்லி, யாரையும் வெட்டிவிட்டுப் பேசும் வாய். கனகராஜ் ஒவ்வொன்றாகத் தட்டி, ஒரு வெந்நீர்த் தவலையை மட்டும் தனியாக நகர்த்தி வைத்தார்.

"இதை விக்காதீங்கம்மா. இந்த மாதிரி வார்ப்பு இப்ப வாரதில்ல."

மாமி அவரை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள். "வியாபாரின்னா வாங்கிண்டு வாயை மூடிக்கணும். நீர் என்னமோ வேற தினுசா இருக்கீர். இன்னொரு பெரிய பாத்திரம் இருக்கு, கார் ஷெட்ல. வந்து அதையும் தட்டிப் பாரும்."

கனகராஜும் நானும் போனோம். வாழைக்கட்டைக்கும் பவழமல்லிக்கும் நடுவில் ஓட்டுக் கொட்டகை. உள்ளே தூசி போர்த்திக்கொண்டு ஒரு பேபி ஆஸ்டின். இருபத்தொன்பதாம் வருஷத்து வண்டி. நாலு பேர் முட்டியை மடக்கிக்கொண்டு உட்காரலாம். மேலே கான்வாஸ் கூரை. டயர்களில் காற்று இல்லை, பின் சீட்டில் எலி குடும்பம் நடத்தியிருந்தது. கனகராஜ் மட்கார்டைத் தட்டினார். சத்தம் கொட்டகை ஓட்டில் பட்டுத் திரும்பிவந்தது. சுற்றிச்சுற்றிப் பதினைந்து இடத்தில் தட்டினார். கடைசியாக நிமிர்ந்தபோது அவர் முகம், பண்டிகைக் கூட்டத்தில் கல்லா நிறைந்தால்கூட நான் பார்க்காத முகம்.

"ஒட்டே இல்லம்மா. பொறந்த உடம்போட நிக்குது."

"நான் ஓட்டின வண்டி. எங்காத்துக்காரர் பக்கத்துல உக்காந்துண்டு, மெதுவா மெதுவாங்கறதோட சரி. அவர் போய் நாலு வருஷமாச்சு. அன்னிலேர்ந்து நிக்கறது." மாமி தூசியில் விரலால் ஒரு கோடு இழுத்தாள். "பழைய இரும்புக்கார ஷரீஃப் சனிக்கிழமை அஞ்சு மணிக்கு வரேன்னிருக்கான். வெட்டி எடுத்துண்டு போவானாம். அவன் தர்றதையே நீரும் தாரும், போறும். ஆனா ஒண்ணு. இந்த வாசலை அது தானா ஓடித்தான் தாண்டணும். கயித்தைக் கட்டிப் பொணமாட்டம் இழுத்துண்டு போறதுன்னா அதுக்கு ஷரீஃபே போறும்."

"சனிக்கிழமை அஞ்சு மணிக்குள்ளயா?"

"அஞ்சு மணிக்குள்ள."

அன்று மாலையே ராயப்பேட்டையிலிருந்து மெக்கானிக் குலாம் முகம்மது வந்துவிட்டார். தாடியும் கிரீஸும் ஒரே நிறமாகிவிட்ட மனிதர். கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு வண்டியைச் சுற்றி வந்தார்.

"எத்தினி நாள் கீது?"

"நாலு."

"நைனா, இத்தப் பாத்து நாப்பது வருசமா எல்லாரும் பொம்மை காருன்னுவானுங்கோ. ஆனா உள்ள கீற வேலை சோக்கு. படிஞ்சி வந்தா நாலு நாள் போதும். படியலன்னா நாலு மாசமும் பத்தாது. இன்னா சொல்றே?"

"ஆரம்பிங்க பாய்."

புதன் முழுக்க மழை. கொட்டகை ஓட்டிலிருந்து பத்து இடத்தில் ஒழுகியது, ஒழுகாத பதினோராவது இடத்தில் குலாம் முகம்மது எஞ்சினைத் திறந்து உட்கார்ந்தார். பெட்ரோல் குழாயில் வெல்லப்பாகு போல உறைந்து கிடந்ததைக் கம்பி விட்டு எடுத்தார். டயருக்கும் டியூபுக்கும் பட்டணத்தைச் சல்லடை போட்டுச் சலித்து வியாழக்கிழமை மத்தியானம் கொண்டுவந்தார். நாலு மணிக்கு வண்டியின் முகத்தருகே குனிந்து ஹேண்டிலைச் சுற்றினார். பத்துச் சுற்று. இருபது. "பிஸ்மில்லா" என்று இன்னொன்று. புகையைக் கக்கிக்கொண்டு உயிர் வந்தது. தையல் மெஷினும் இட்லிக் குண்டானும் சேர்ந்து போட்டது போல ஒரு சத்தம். கனகராஜ் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"நாலு பேரும் பேசுதாங்க" என்றார்.

அங்கேயே நிறுத்தியிருந்தால் இந்தக் கதை இரண்டு பக்கம் குறைந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை குலாம் முகம்மது தொழுகைக்குப் போய்விட்டு மதியத்துக்கு மேல் வருவதில்லை என்று சொல்லிவிட்டார். கனகராஜுக்குக் கை சும்மா இருக்கவில்லை. வண்டியின் முகம், அதாவது ரேடியேட்டரைச் சுற்றியிருக்கும் கூடும் இரண்டு விளக்குகளும், மங்கி அழுக்கேறிக் கிடந்தன. பாத்திரக்கடைக்காரர் கண்ணுக்கு அது பொறுக்குமா? கடை ஆட்கள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு, நாலு கிலோ புளி, செங்கல் பொடி, தேங்காய் நாரோடு போய் இறங்கினார். மூன்று மணிநேரம் தேய்த்தார்கள். சாம்பல் நிறம் போய் மஞ்சள் வந்தது. மஞ்சள் வரவர உற்சாகம் வந்தது. வெளியே மட்டும் துலக்கி உள்ளே அழுக்கோடு விடுவது தொழிலுக்கு அழகில்லை என்று, ரேடியேட்டர் மூடியைத் திறந்து, கெட்டியாகக் கரைத்த புளித் தண்ணீரைக் கழுத்து வரை ஊற்றி ராத்திரி முழுக்க ஊறவும் வைத்தார். நான் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு மாமி காப்பி டம்ளரோடு வந்து வண்டி முன்னால் நின்றாள்.

"என்ன பண்ணியிருக்கேள்?"

"அழுக்கெல்லாம் எடுத்தாச்சும்மா."

"அழுக்கா? அது நிக்கல் பூச்சு. எங்காத்துக்காரர் பொத்திப் பொத்தி வெல்வெட் துணியால துடைப்பார். மிச்சம் மீதி ஒட்டிண்டு இருந்ததையும் சொரண்டிட்டேளே." நெற்றியில் கை வைத்துக்கொண்டு இன்னொரு தரம் பார்த்தாள். உள்ளே பித்தளை தகதகவென்று இருந்தது. "சரி. மஞ்சள் பூசிண்டு நிக்கறாப்பல இருக்கு. நன்னாத்தான் இருக்கு, போங்கோ."

அது போகட்டும். குலாம் முகம்மது வந்து, புளித் தண்ணீரை இறக்கி, நல்ல தண்ணீர் ஊற்றினார். ஊற்ற ஊற்றக் கீழே ஓடியது. ஒரு பக்கம் இல்லை, தேன்கூட்டைப் பிழிந்தது போல முகம் முழுக்க ஒழுகியது.

அவர் ஒழுகிய இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு தாடியைத் தடவிக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

"நைனா, நாப்பது வருசமா கெணத்துத் தண்ணி குடிச்ச வண்டி. அந்த உப்புதான் உள்ள படிஞ்சி ஓட்டையெல்லாம் அடச்சிக்கினு இருந்துச்சி. நீ புளிய ஊத்தி கழுவிக்கினே. இப்ப எல்லாம் தொறந்துக்கினு கீது."

"வேற ரேடியேட்டர்?"

"லண்டனாண்ட போய் கேளு."

"பத்தவைக்க முடியாதா பாய்?"

"உள்ள கீற தகடு காயிதம் கணக்கா கீது. காஸ் வெல்டிங் வச்சா அப்பிடியே உருகிப்புடும். எந்த ஒர்க்சாப்புக்காரனும் தொடமாட்டான். எனக்குத் தெரிஞ்சத நான் ஒளிக்கல."

தண்ணீர் இல்லாமல் ஓட்டினால் எஞ்சின் வெந்துபோகும். கனகராஜ் கொட்டகைப் படியில் உட்கார்ந்தார். வழி தெரியாமல் உட்கார்ந்தார் என்றுதான் நான் நினைத்தேன். பாவம், வழி தெரிந்ததுதான் அவருக்குக் கஷ்டம்.

பதினொரு மணிக்கு வடிவு தூக்குச்சட்டியில் சாப்பாட்டோடு ரிக்‌ஷாவில் வந்து இறங்கினாள். நடந்ததை நான்தான் சொன்னேன். அவள் ரேடியேட்டர் அருகே போய் முந்தானையால் துடைத்துவிட்டுப் பார்த்தாள்.

"இது பித்தளையும் செம்புந்தானே?"

"ஆமா" என்றார் கனகராஜ் நிமிராமல்.

"உங்களுக்குப் பத்தவைக்கத் தெரியாதா?"

"தெரியும். சாமான் எங்க இருக்கு? துருத்தியைத்தான் தூக்கிப் போட்டாச்சுல்லா."

"யாரு போட்டா?"

அவர் அப்போதுதான் நிமிர்ந்தார்.

அன்றைக்குத்தான் எனக்கும் தெரிந்தது. மாட வீதியில் பாத்திரக்கடை முதலாளியாக நாங்கள் அறிந்த கனகராஜ், நாற்பத்தாறில் பட்டணத்துக்கு வந்து ஏழு வருஷம், தோளில் துருத்தியும் கையில் கரி மூட்டையுமாக இதே மயிலாப்பூரில், இதே கோபாலபுரத்தில், வீடு வீடாக ஓட்டைப் பாத்திரம் அடைத்தவர். மந்தைவெளியில் ஒற்றை அறைக் குடித்தனத்தில் வடிவு துருத்தி ஊதியிருக்கிறாள். கடை திறந்த அன்று அவர் அதைத் தூக்கிக் குப்பையில் போடச் சொன்னார். முதலாளிக்குத் துருத்தி எதற்கு? அவள் போடவில்லை.

"பரண் மேல இருக்கு" என்றாள் வடிவு. "பதினெட்டு வருசமா மழைக்காலத்துக்கு முந்தி வெளக்கெண்ணெ தடவி வைக்கேன். தோலு வெடிக்கல."

"எதுக்கு வச்சிருந்த?"

"சும்மாதான்."

அவள் வாயை மூடிக்கொண்டு சாப்பாட்டைப் பரிமாறியிருந்தால் போதும். வண்டி ஓடியிருக்காது, வீட்டில் கார் என்ற பேச்சும் செத்திருக்கும். அவள் போட்ட நிபந்தனையில் அவளே ஜெயித்திருப்பாள். ஆனால் அவள் அதே ரிக்‌ஷாவில் ஏறிப் போய், துருத்தி, ஈயம் பற்றவைக்கும் செம்புமுனைக் கோல், அதன் முனையைத் துலக்க நவச்சாரம், ஈயக்கட்டி, கரிச் சாக்கு, கூடவே கடையிலிருந்த ஆகப் பெரிய அண்டாவையும் ஏற்றிக்கொண்டு வந்தாள். ரிக்‌ஷாவில் அண்டா உட்கார்ந்திருந்தது, அவள் பக்கத்தில் ஒண்டிக்கொண்டு வந்தாள்.

கனகராஜ் சட்டையைக் கழற்றிவிட்டுப் பவழமல்லி அடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். குலாம் முகம்மது ரேடியேட்டரைக் கழற்றிக் கொடுத்தார். வாய்களைத் துணியால் அடைத்து, ஒன்றில் மட்டும் துருத்தி மூக்கைச் செருகி, அண்டாத் தண்ணீரில் அதை முக்கினார்கள்.

"ஊது."

வடிவு சேலையைச் செருகிக்கொண்டு துருத்தியை அழுத்தினாள். தண்ணீருக்குள்ளிருந்து குமிழிகள் வந்தன. கனகராஜ் ஒவ்வொரு குமிழிக்கும் ஓட்டையைக் கண்டுபிடித்து ஆணியால் கீறி அடையாளம் வைத்தார். பதினேழு ஓட்டை.

"யா அல்லா" என்றார் குலாம் முகம்மது. "பஞ்சர் பாக்கற மாறி பாக்கறியே நைனா. நான் இத்தன வருசம் இன்னா மெக்கானிக்கு?"

கரி கனன்றது. கோலைக் காய்ச்சி நவச்சாரத்தில் ஒரு இழுப்பு இழுத்ததும் வெள்ளைப் புகை எழுந்து எல்லாருக்கும் கண்ணைக் கரித்தது. ஈயம் முனையில் சொட்டாகத் திரண்டு நின்றது. காகிதம் மாதிரித் தகடு என்றார் பாய். கனகராஜ் கோலை அதன்மேல் அழுத்தவே இல்லை, வைத்தாரா வைக்கவில்லையா என்பதற்குள் எடுத்துவிட்டார். ஓட்டை மூடியிருந்தது.

"தீ ஏறுது, மெதுவா."

"தெரியுது, நீங்க கையைப் பாருங்க."

பழைய தாளம் இரண்டு பேருக்கும் மறக்கவில்லை. பத்து ஓட்டை அடைத்திருப்பார்கள், ஜவஹர் வந்து சேர்ந்தான். விஷயம் காதில் விழுந்து, காரைக் கட்டி இழுத்துக்கொண்டு போகலாம் என்று ஸ்கூட்டரில் கயிறு வேறு கட்டிக்கொண்டு வந்திருந்தான். மரத்தடியில் கண்ட காட்சியில் அவன் முகம் கறுத்தது. கேட்டுக்கு வெளியே நாலைந்து பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா, என்னக்கா இது. தெருவுல ஓட்டை அடைக்கிறவன் மாதிரி அத்தான் உக்காந்திருக்காரு. என் கடை வாடிக்கைக்காரங்க இந்தத் தெருவுல இருக்காங்க. நாளைக்கு நான் எப்படி முழிக்க?"

"மாதிரி என்னலே மாதிரி. ஓட்டை அடைக்கிறவர்தான்" என்றாள் வடிவு. கை நிற்கவில்லை. "இந்தத் துருத்தி ஊதின காசுலதான் உன்னை எஸ்.எஸ்.எல்.சி. படிக்க வச்சோம். அப்ப நீ நல்லாத்தான முழிச்ச. கயிறு கொண்டாந்திருக்கேல்லா, நல்லதாப் போச்சு. அந்தக் கரிச் சாக்கு அவுந்து கெடக்கு, கட்டு."

ஜவஹர் நின்றான். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டுப் போய்ச் சாக்கைக் கட்டினான். கட்டியவன் திரும்பிப் போகவில்லை.

மூன்றரை மணிக்குப் பதினேழாவது. மறுபடி அண்டாவில் முக்கினார்கள். வடிவு ஊதினாள். எல்லாரும் குனிந்து பார்த்தோம். தண்ணீர் தூங்குகிற மாதிரி இருந்தது. "இன்னும் பலமா" என்றார் கனகராஜ். ஊதினாள். ஒரு குமிழிகூட இல்லை. குலாம் முகம்மது தன் கிரீஸ் கையால் கனகராஜின் கரிக் கையைப் பிடித்துக்கொண்டு சும்மா குலுக்கினார்.

ரேடியேட்டரைப் பூட்டி முடிக்கும்போது நாலரை. ஷரீஃப் கைவண்டியோடு வந்து வாசலில் பீடி பற்றவைத்துக்கொண்டு நின்றான். மழை தூறத் தொடங்கியது. கனகராஜ் ஏறி உட்கார்ந்தார். மாமி குடையோடு பக்கத்தில் வந்தாள்.

"கிளட்சை மட்டும் நம்பாதீர். அது கட்டைவிரல் அகலந்தான் அசையும். செருப்பைக் கழட்டிடும். காலுக்குத் தெரியணும்."

செருப்பைக் கழற்றினார். வண்டி உயிர்பெற்றது, நகர்ந்தது, கேட் வரை நன்றாகப் போனது. முன் சக்கரம் இரண்டும் வாசல் கல்லைத் தாண்டின. அங்கே ஒரு குலுக்குக் குலுக்கி அணைந்துபோனது.

ஷரீஃப் பீடியை எறிந்துவிட்டு வந்தான். "இன்னாம்மா, பாதி வண்டி வெளிய கீது, பாதி உள்ள கீது. எது என்னுது?"

"பின் சக்கரமும் தாண்டணும்" என்றாள் மாமி கடிகாரத்தைப் பார்த்து. "இன்னும் ஏழு நிமிஷம் இருக்கு."

குலாம் முகம்மது ஹேண்டிலைச் சுற்றினார். மறுபடி உயிர், மறுபடி குலுக்கல், மறுபடி அணைந்தது. ஜவஹர் தள்ளுவதற்குப் பின்னால் ஓடினான். "தொடப்படாது" என்று மாமி ஒரு அதட்டல் போட்டாள். கனகராஜின் நெற்றியில் வியர்வையும் மழையும் சேர்ந்து வழிந்தன. அப்போது வடிவு போய்க் குனிந்து அவர் காதருகில் சொன்னாள்.

"காலால ஏன் அழுத்துதீங்க. கோலை வச்சீங்கல்லா, வச்சும் வைக்காம. அப்படி எடுங்க."

மூன்றாவது தடவை ஹேண்டில் சுற்றியது. நாலு பேரும் பேசினார்கள். கனகராஜ் காலை எடுத்தாரா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. வண்டி தாம்பாளத்தில் வைத்துத் தூக்கினது போல அலுங்காமல் எழுந்து, வாசல் கல்லைத் தாண்டி, தெருவுக்கு வந்து, மழையில் நின்றது. மஞ்சள் முகத்தில் தண்ணீர் வழிந்தது, வானத்துத் தண்ணீர் மட்டும். வேடிக்கை பார்த்தவர்கள் கைதட்டினார்கள். ஷரீஃபும் தட்டினான். நான் ஊதுவத்திக்காரன், எனக்குக் கண் கலங்கியது, நவச்சாரப் புகை என்று சொல்லிக்கொண்டேன்.

"ஏறு வடிவு."

"கையெல்லாம் கரி. தலை கலைஞ்சு கெடக்கு. இப்படியேவா?"

"இப்படியேதான்."

மாமி முன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள். "நான் ஓட்டினது போறும். போய்ட்டு வாங்கோ. இந்தப் பக்கத்துல உக்காந்துண்டா ஒரே ஒரு வேலைதான். மெதுவா மெதுவான்னு சொல்லிண்டு இருக்கணும்."

வடிவு ஏறினாள். ஜவஹர் ஓடிவந்து ஜன்னலைப் பிடித்தான். "அத்தான், நாளைக்குக் காலையில பாண்டி பஜார் வழியா ஒரு நடை வாங்க. கடை வாசல்ல ஒரு அஞ்சு நிமிசம் நிறுத்துனாப் போதும்."

"உன் வாடிக்கைக்காரங்க பாப்பாங்களே மாப்ளே."

"பாக்கணும்னுதான அத்தான்."

மீதியை மறுநாள் வடிவே எங்கள் கடை வாசலில் நின்று சொன்னாள். கதீட்ரல் ரோடு, லஸ், தெற்கு மாட வீதி. சொந்தக் கடை முன்னால் நிறுத்தவில்லையாம், ஆரன் மட்டும் அடித்தாராம். சாந்தோமில் மழை விட்டது. "எங்க போறோம்" என்று அவள் கேட்டாள், "தெரியல" என்று அவர் சொன்னார். அடையாற்றுப் பாலத்தில் ஏறும்போது அவள் ரேடியேட்டரையே பார்த்துக்கொண்டு போனாள். ஆவி வரவில்லை. மாமி சொல்லிக் கொடுத்த "மெதுவா"வை அவள் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. பாலத்துக்கு அப்பால் ரோடு காலியாக இருந்தது. கொஞ்சம் வேகமாகத்தான் போங்களேன் என்றிருக்கிறாள்.

ரோடு முடிந்த இடத்தில் கடல் இருந்தது. ஊரூர்க் குப்பத்து ஓரம் வண்டியை நிறுத்தினார்கள். கட்டுமரங்கள் கரையேறிக் கிடந்தன. வெயில் ஒரு கீற்று வந்து பித்தளை முகத்தில் பட்டது. கனகராஜ் மூடியைத் துணி சுற்றித் திறந்து பார்த்தார். தண்ணீர் கழுத்து வரை அப்படியே இருந்தது. ஒரு சொட்டுக் குறையவில்லை.

மீன் கூடையோடு போய்க்கொண்டிருந்த ஜானு என்ற பெண் நின்று காரைப் பார்த்தாள். கரி அப்பிய கைகளோடு அதிலிருந்து இறங்கிய வடிவையும் பார்த்தாள்.

"இன்னாமே, சாமி ஊர்கோலம் கணக்கா கீது. யாரு வூட்டுக்கு வந்தீங்கோ?"

"யாரு வீட்டுக்கும் இல்ல."

"மீனு வாங்கவா?"

"இல்ல."

"பின்ன இன்னாத்துக்கு இம்மாந் தூரம்?"

வடிவு கடலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"சும்மாதான்."

இருட்டுவதற்குள் திரும்பலாமா என்று கேட்டாராம் கனகராஜ். அதுக்குள்ளயா என்றாளாம்.